குடவோலையும் குழாயடியும்



2020ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், தில்லித் தலைநகரிலே புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த மேடையிலே பிரதமர் மோடி அவர்கள் நம் உத்திரமேரூரின் பெயரை உச்சரித்தார். ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே அங்கே மக்களாட்சி நடந்தது என்றார், கல்வெட்டைச் சான்று காட்டினார், கைதட்டல் எழுந்தது. நம்மவரிலே சிலர்கூட, "பார்த்தீரா, நம் ஊரைப் பற்றித் தில்லி பேசுகிறது" என்று தோள் தட்டிக்கொண்டனர்.

பேசட்டும், நன்று. ஆனால் தோழா, மேடையிலே பேசப்பட்ட உத்திரமேரூர் வேறு. காஞ்சி மாவட்டத்திலே, கடைத்தெருவும் பேருந்து நிலையமும் பெரிய ஏரியுமாக, ஒரு பேரூராட்சியாக வாழ்ந்துகொண்டிருக்கும் உத்திரமேரூர் வேறு. கல்லிலே உள்ள ஊருக்குப் பாராட்டுரை கிடைத்துவிட்டது. கல்லுக்கு வெளியே உள்ள ஊருக்கு? அதைப் போன்றே குழாயடியில் குடத்தோடு காத்து நிற்கும் நம் பேரூர்களுக்கு? இந்த ஞாயிறு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மாநில உரிமை, மொழி உரிமை, வரிப் பங்கு என்று வானளாவும் பொருள்கள் காத்திருக்க, சாக்கடையைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று முகம் சுளிக்காதே! மாநில உரிமை பேசுகிற கழகத்தானுக்கு ஊர் உரிமை பேசக் கூச்சம் ஏன்?

முதலில் கல்லைப் படிப்போம். மேடைக்காரர்கள் படித்தது போதாது, நாமே படிப்போம்.

வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே, முதற் பராந்தக சோழன் காலத்திலே, 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட எழுத்துகள் அவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்றால் இன்றைய வழக்கிலே வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையிலே எழுதிக் குடத்தில் இட்டு, ஊரார் கூடியிருக்க, ஏதும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்வர். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே வாங்க வேண்டும். வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். விரலை ஏன் விரிக்க வேண்டும்? விரலிடுக்கிலே இன்னோர் ஓலை ஒளிந்திருந்தால்? ஆகா, கள்ள ஓட்டின் வயது எத்தனை என்பது இப்போது தெரிகிறதல்லவா! இப்படித் தெரிந்தெடுக்கப்பட்டோர்க்குப் பணிக்காலம் 360 நாள். ஏரியைக் காக்க 6 பேர் கொண்ட ஏரி வாரியம், தோட்டத்துக்கு 12 பேர், ஆண்டு வாரியத்துக்கு 12 பேர். ஏற்பாடு கச்சிதந்தான். மறுப்பார் யார்?

ஆனால் குடத்துக்குள்ளே யார் பெயர் போகலாம்? அங்கேதான் இருக்கிறது செய்தி. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையிலே கட்டிய வீட்டிலே குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும்! அரைக்கால் வேலி நிலந்தான் உண்டு என்றாலும் ஒரு வேதத்தைப் பொருளோடு அறிந்திருந்தால் சலுகை உண்டு. ஊரின் பெயரே சதுர்வேதி மங்கலம். அந்தக் கால் வேலியை உழுதவன் பெயர் ஓலையில் உண்டோ? ஏரி மடையைத் திறந்து மூடியவன் பெயர்? குடம் வனைந்து தந்த குயவன் பெயர்? அவன் வனைந்த குடத்திலே அவன் பெயருக்கு இடம் இல்லை! பெண்ணைப் பற்றியோ பேச்சே இல்லை.

ஆகவே, இதுதான் மக்களாட்சியின் தாய் என்று தாரை தப்பட்டை முழக்குவோருக்கு நாம் சொல்வது: பிள்ளைகளிலே பெரும்பாலோரை வாசலிலே நிறுத்திவைத்த தாய் அவள்.

அதனாலே கல்லைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது தோழா, கூடாது. அந்தக் கல்லிலே ஒரு விதி இருக்கிறது. முன்பு வாரியத்திலே இருந்து, கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. அவன் மட்டுமா? மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், உடன்பிறந்தாளின் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என்று சுற்றத்தை வரிசையாக அடுக்கி, இவர்களில் எவர் பெயரும் கூடாது என்று கதவைச் சார்த்துகிறது. வேதம் ஓதியவனை வேதம் ஓதியவனே நம்பவில்லை, பார்த்தாயா! நிலம் உண்டு, மனை உண்டு, மறை உண்டு, எல்லாம் உண்டு. கணக்கு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். 919இல் எழுதிய விதியை இரண்டே ஆண்டிலே திருத்தியும் இருக்கிறார்கள்.

அந்த ஒரு விதி நமக்குப் போதும். உன் ஊர்ப் பேரூராட்சியின் கணக்கை நீ பார்த்திருக்கிறாயா? நான் கேட்க வந்தது இவ்வளவே. எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருக்கும் ஊரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நம் தோழர் நாற்காலியிலே இருக்கும் ஊரையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நம் இயக்கத்துக்கு நகர மன்றம் என்பது சின்னஞ்சிறு இடம் அல்ல, தோழா. 1920ஆம் ஆண்டு, வெள்ளுடை வேந்தர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக வீற்றிருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலே ஒரு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகட்குப் பகல் உணவு அளிக்கத் தீர்மானம் போட்டார்கள். பிள்ளை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு! காமராசர் ஆட்சியிலே மதிய உணவாக, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலே சத்துணவாக, 2022இல் காலை உணவாக நாடே பேசிய திட்டங்களுக்கெல்லாம் வித்து எங்கே விழுந்தது? கோட்டையிலா? ஒரு நகர மன்றத்தின் தீர்மானப் புத்தகத்திலே! வெள்ளைக்காரன் கொலுவிருந்த காலத்திலே, கையிலே இருந்த சின்ன அதிகாரத்தைக் கொண்டு செய்து காட்டினார்கள். பெரியார், காங்கிரசிலே சேருமுன் ஈரோட்டு நகராட்சித் தலைவர்; குழாய் வழிக் குடிநீர் கொணர்வதிலே முனைந்து நின்றவர். கடவுளை மறுத்த பெரியாரை உலகம் அறியும். குழாய் போட்ட பெரியாரை ஈரோடு அறியும். அண்ணாவோ முப்பதுகளிலே நீதிக்கட்சி வேட்பாளராகச் சென்னை மாநகராட்சித் தேர்தலிலே நின்றார், தோற்றார். 1959இல், 100 வட்டங்களிலே 45 இடங்களை வென்று அதே மாநகராட்சியில் கழகம் தலைமை ஏற்றது, அ.பொ. அரசு மேயரானார். 1967 வருமுன் எட்டாண்டுக்கு முன்னரே, இவர்களுக்கு ஆளத் தெரியுமா என்ற ஏளனத்துக்கு நாம் தொடக்க விடை தந்த இடம் ரிப்பன் மாளிகை.

அந்த வரலாற்றின் வாரிசுகள் இன்று என்ன செய்துகொண்டிருக்கிறோம்? நாடகக்காரன் நான், காட்சியாகவே காட்டிவிடுகிறேன். ஊர் எந்த ஊர் என்று கேட்காதே. எந்த ஊர்ப் பெயரை எழுதினாலும் பொருந்தும்.

(இடம்: பேரூராட்சி மன்றக் கூடம். சுவரிலே தலைவர்கள் படங்கள். மேசை மீது மிக்சர் தட்டுகள். தலைவர், செயல் அலுவலர், எழுத்தர், உறுப்பினர்கள்.)

எழுத்தர் (மூச்சு விடாமல்): பொருள் எண் 17. ஐந்தாவது வார்டு குறுக்குத் தெருவிலே பேவர் பிளாக் கல் பதிக்கும் பணி. மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்.

தலைவர்: ஆட்சேபணை உண்டா?

உறுப்பினர் பலர்: இல்லை, இல்லை!

உறுப்பினர் அம்மையார்: ஐயா, ஒரு வார்த்தை. அந்தத் தெருவிலே சாக்கடையே கிடையாது. இப்போது கல்லைப் பதித்துவிட்டு, பிறகு சாக்கடைக்காகத் தோண்டினால் பணம் பாழ்தானே?

தலைவர்: உட்காருங்கள் அம்மா. கல்லுக்கு நிதி வந்திருக்கிறது. சாக்கடைக்கு வரும்போது சாக்கடை.

செயல் அலுவலர் (மெல்ல): மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும், அம்மா.

எழுத்தர்: தீர்மானம் நிறைவேறியது. பொருள் எண் 18...

(தேநீர் வருகிறது. திரை.)

சிரித்துவிட்டாயா? அந்த அம்மையார் சிரிக்கவில்லை. மழை வந்தால் அந்தத் தெருவின் நீர் அவர் வீட்டுப் படியேறும். கல் பதிக்காத காலத்திலே பாதி நீரை மண்ணாவது குடித்தது.

தலைவர் மீது மட்டும் பழி போட்டு நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. பணம் வரும் வழியைப் பார். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை இவை ஊரின் சொந்தக் காசு. மற்றவை மேலிருந்து வருபவை: மாநில நிதிக் குழு வழியே ஒரு பங்கு, ஒன்றிய நிதிக் குழு வழியே ஒரு பங்கு. 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகட்குப் பதினைந்தாம் நிதிக் குழு, பத்து இலட்சம் மக்கள் தொகைக்குக் குறைந்த நகரங்களுக்கு வகுத்த மானியத்திலே 60 விழுக்காடு, இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கட்டிப்போட்ட பணம். குடிநீருக்கும் துப்புரவுக்குமாகக் கட்டினார்கள், நோக்கம் நல்லதுதான். ஆயினும் எந்த ஊருக்கு எது முதலில் தேவை என்று தீர்மானிக்கும் உரிமை அந்த ஊர் மன்றத்திடம் எவ்வளவு மிஞ்சுகிறது? தில்லி நம்மைக் கட்டிப்போடுகிறது என்று நாம் முழங்குகிறோமே, அதே கயிற்றின் இன்னொரு முனையிலே பேரூராட்சி கட்டுண்டு கிடக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசமைப்புத் திருத்தம் நகர மன்றங்களுக்கு உரியவை என்று 18 பொருள்களைப் பட்டியலிட்டது. பட்டியல் நீளம், கைக்கு வந்தவை சில. குடிநீர்த் திட்டத்தை வேறு வாரியம் வகுக்கும், மனைப் பிரிவுக்கு வேறு துறை ஒப்புதல் தரும், ஏரி வேறு துறையின் ஏட்டிலே இருக்கும். குழாயிலே நீர் வரவில்லை என்றால் மட்டும் வசவு வாங்குபவர் வார்டு உறுப்பினர்!

சொந்தக் காசைப் பற்றியும் ஒரு சொல். 2022ஆம் ஆண்டு ஏப்ரலிலே வீட்டு வரி உயர்ந்தது. பேரூராட்சிகளிலே சிறு வீட்டுக்கு 25 விழுக்காடு. பெரிய வீட்டுக்கு 100 விழுக்காடு வரை. நம் ஆட்சியிலே உயர்த்தப்பட்டதுதான். மூடி மறைக்கத் தேவை இல்லை. நெடுங்காலம் உயர்த்தாத வரி, ஊர் நடக்கக் காசு வேண்டும் என்று நாமே வீடு வீடாகச் சென்று விளக்கினோம். விளக்கியவனுக்கு ஒரு கடமை உண்டல்லவா? கூடுதலாக வந்த காசு எங்கே போயிற்று என்பதையும் அதே வீடு வீடாகச் சென்று சொல்ல வேண்டாமா? வாங்கும்போது கதவைத் தட்டிய கை, கணக்குச் சொல்லும்போது பைக்குள் போய் ஒளிந்துகொள்வதா?

இனி, எவரும் மேடையிலே பேசாத பொருளுக்கு வருகிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது படி.

நம் பேரூர்களிலே பெரும்பாலானவற்றுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டி. தொட்டி நிறைந்தால் லாரிக்குச் சொல்கிறோம். லாரி வருகிறது, உறிஞ்சுகிறது, காசு வாங்குகிறது, போகிறது. எங்கே போகிறது? கேட்டதுண்டா? ஊருக்கு வெளியே, இருட்டிலே, ஓடைக்கரையோ வாய்க்காலோ வகையாக அமைந்த இடத்திலே திறந்துவிட்டுப் போகிற லாரிகள் உண்டு. அந்த ஓடை எங்கே சேரும்? ஏரியிலே. அந்த ஏரியை ஒட்டி யாருடைய கிணறு? காசு கொடுத்து அனுப்பிய கழிவு, குடத்திலே ஏறித் திரும்பி வருகிறது. ஏரியைக் காக்க ஆறு பேரைக் குடவோலையிலே எடுத்த ஊரின் வழித்தோன்றல்கள் நாம்!

இதற்கென நெறிமுறைகளை மாநில அரசு 2014ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. லாரிக்கு உரிமம் வேண்டும், கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்திலேதான் இறக்க வேண்டும் என்பவை அவை. ஏட்டிலே மட்டும் நின்றுவிடவில்லை. செய்து காட்டிய ஊரும் உண்டு. உத்திரமேரூருக்குத் தொலைவில் இல்லாத, மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியிலே 2017இல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. தொட்டிக் கழிவுக்கென்றே அமைந்த நிலையம். தமிழ்நாட்டுக்கு அது முன்னோடி. அண்டை ஊர்க் கழிவும் அங்கே வந்து இறங்க வழி செய்தார்கள். அப்போது கோட்டையிலே இருந்தது நம் ஆட்சி இல்லை. இருந்தால் என்ன? கருங்குழி செய்தது நல்ல செயல்; நம் ஏட்டிலே எழுதுவதற்கு எனக்கு மனத்தடை ஏதும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லைக் காண ஆராய்ச்சியாளர் வருகின்றனர். அருகிலே உள்ள இந்த நிலையத்தைக் காண, பக்கத்து மாவட்டத்துக் கவுன்சிலர்களை வண்டி வைத்து அழைத்துப்போன ஒன்றியச் செயலாளர் எத்தனை பேர்?

அந்தத் தொட்டிக்குள்ளே மனிதன் இறங்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இறங்கி மாண்டவர்களைப் பற்றிய செய்தி அதன் பிறகும் ஏடுகளிலே வந்துகொண்டேதான் இருந்தது. இறங்கியவன் எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்பதை நான் எழுதித்தான் நீ அறிய வேண்டுமா? சாதி ஒழிப்பு மாநாட்டிலே நீ எழுப்பிய முழக்கம், உன் வீட்டுக் கழிவுத் தொட்டியின் மூடியைத் திறக்கும் நாளிலே நினைவுக்கு வர வேண்டும். ஊரைக் கூட்டும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்குக் கையுறை தரப்பட்டதா, வைப்புநிதிக்கென்று பிடித்த பணம் உரிய இடத்திலே கட்டப்பட்டதா, இவற்றை மன்றத்திலே கேட்ட உறுப்பினர் எத்தனை பேர்? ஒப்பந்தக்காரர் நமக்கு வேண்டியவர் என்பதற்காக விழுங்கிய கேள்விகள் எத்தனை?

சாதி என்றவுடன் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. உள்ளாட்சியைப் பற்றிப் பேசுகிறவன் இதைத் தாண்டிப் போக முடியாது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், தாழ்த்தப்பட்டவர் தலைவரானார் என்ற ஒரே காரணத்துக்காக, 1997ஆம் ஆண்டு ஜூன் மாதம் உடன் வந்தோரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளிலே 1996 தொடங்கிப் பத்தாண்டுக் காலம் தேர்தலை நடத்தவோ, வென்றவரை நாற்காலியில் இருத்தவோ இயலவில்லை. 2006இலே கலைஞர் ஆட்சியிலே தேர்தல் நடந்தது. சமத்துவப் பெருவிழாவும் எடுத்தார்கள். ஓர் ஊராட்சியின் மர நாற்காலிக்காக மனிதனைக் கொல்கிறார்கள் என்றால், அந்த நாற்காலியிலே ஏதோ இருக்கிறது என்பது கொலைகாரனுக்குத் தெரிந்திருக்கிறது; நமக்குத்தான் அது சிறிய பதவியாகத் தோன்றுகிறது.

பெண்களுக்குச் சரிபாதி இடம் என்ற சட்டம் 2016இல் வந்தது. 2022 பிப்ரவரி 19ஆம் நாள் நடந்த நகர்ப்புறத் தேர்தலிலே 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் என்று நாடெங்கும் பாதி இடம் பெண்களுக்காக ஒதுக்கப்பட்டது. சுயமரியாதை மாநாடு கூடிய செங்கற்பட்டிலே இருந்து புறப்பட்ட நெடும்பயணத்திலே இது ஒரு பெரிய மைல்கல். ஆனால் சிற்றூர் மன்றத்தின் வாசலுக்கு வா. உறுப்பினர் அம்மையாரின் கணவர் முன்னே வருகிறார். சட்டைப் பையிலே முத்திரை. "கவுன்சிலர் வந்துவிட்டாரா" என்று கேட்டால், "வந்துவிட்டேன்" என்கிறார் அவர்! தோழியே, உன்னிடம் நேராகவே பேசுகிறேன். கையெழுத்து உன்னுடையது. நாளை தணிக்கைக்காரன் தடை எழுப்பினால் அழைப்பு உன் பெயருக்குத்தான் வரும். உன் கணவர் பெயருக்கு வராது. பேவர் பிளாக் கல்லைத் தடுத்து எழுந்து நின்றாளே அந்த நாடகத்து அம்மையார், அவளை நான் கற்பனையிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. மாலை ஆறு மணிக்குக் குழாயடியிலே நின்றவளுக்கு, எந்தத் தெருவுக்கு நீர் எப்போது வரும் என்பது செயல் அலுவலரை விட நன்றாகத் தெரியும்.

ஆனால் எழுந்து பேச மன்றம் என்ற ஒன்று இருக்க வேண்டுமே! 1996, 2001, 2006, 2011 என்று ஐந்தாண்டுக்கொரு முறை நடந்த தேர்தல், 2016 அக்டோபரிலே நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. வழக்கு, வார்டு வரையறை, இட ஒதுக்கீட்டுப் பட்டியல் என்று காரணங்கள் அடுக்கடுக்காக வந்தன. ஊரகத்திலே 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், ஏனைய 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் விடிந்தது. ஐந்தாண்டுக்கு மேல் நகரங்களிலே ஒரு கவுன்சிலர் கூடக் கிடையாது! தனி அலுவலர் என்றோர் ஆள். கதவைத் தட்டினால் கூட்டத்துக்குப் போயிருப்பார். அப்போது நாம் எவ்வளவு முழங்கினோம்! பின்னர், 2025 சனவரி 5ஆம் நாளோடு அந்த 27 மாவட்ட ஊராட்சிகளின் பதவிக் காலம் முடிந்தபோது, நம் ஆட்சிக் காலத்திலேயே தனி அலுவலர்கள் வந்தமர்ந்தனர். அன்று முழங்கியவனின் தொண்டை இன்று கட்டிக்கொண்டதா என்று எதிரே இருப்பவன் கேட்கிறான். நான் இதற்குச் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. காலத்தோடு தேர்தல் என்பது எவர் ஆண்டாலும் ஒரே விதிதான். 2022இல் அமைந்த நகர மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தோடு நிறைவுறுகிறது. அந்தத் தேர்தல் ஒரு நாளும் தள்ளிப்போகக் கூடாது என்ற குரல் நம் கூடாரத்திலிருந்துதான் முதலில் எழ வேண்டும்.

தேர்தல் என்றால் நம்மவர்க்கு உற்சாகந்தான். 2022 மார்ச் 4ஆம் நாளை மறந்துவிட்டாயா? தலைவர் பதவிகளுக்கான மறைமுகத் தேர்தல். தோழமைக் கட்சிகளுக்கென்று தலைமை ஒதுக்கிக் கொடுத்த இடங்கள் சிலவற்றிலே நம்மவர்களே போட்டியிட்டு அமர்ந்துகொண்டார்கள். விலகுங்கள் என்று தலைமை கட்டளை இட வேண்டியதாயிற்று. நாற்காலிக்காகக் காட்டிய அந்த வேகத்திலே நாலில் ஒரு பங்கைக் கணக்குப் புத்தகத்தின் மீது காட்டியிருந்தால்!

"அப்படியானால், நம் கட்சித் தலைவரிடமே கணக்குக் கேட்கச் சொல்கிறாயா? கழகத்துக்குக் கெட்ட பெயர் வராதா?" என்கிறாய். வரும், கேட்காமல் விட்டால். நீ கேளாத கேள்வியை எதிர்க்கட்சிக்காரன் தேர்தல் மேடையிலே கேட்பான். அப்போது விடை தேட நேரம் இருக்காது. சாக்கடை இல்லாத தெருவிலே கல் பதித்த செய்தி, உன் வட்டத்துக் கிளைக்கூட்டத்திலே முதலில் பேசப்பட்டால் அது திருத்தம். வாக்குச்சாவடியிலே பேசப்பட்டால் அது தோல்வி. எது மேல்?

கேட்க இடமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டிலே வார்டுக் குழு, பகுதி சபைக்கான விதிகள் வந்தன. ஊரகத்திலே கிராம சபை போன்று நகரத்துக்கும் ஒரு சபை. நவம்பர் 1ஆம் நாள் உள்ளாட்சி நாள் என்று அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் நாளே பகுதி சபைகள் கூடின. பல ஊர்களிலே அது பொன்னாடைக் கூட்டமாக முடிந்தது. கவுன்சிலருக்குச் சால்வை, அலுவலருக்குச் சால்வை, படம் எடுத்தாயிற்று, கலைந்தாயிற்று! அடுத்த முறை சால்வைக்கான காசை மிச்சப்படுத்தி, அதற்கு முந்தைய மூன்று மன்றக் கூட்டங்களின் தீர்மான நகலைப் பெற்று, கிளைத் தோழர்கள் நால்வர் ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து படியுங்கள். சந்தைக் குத்தகை சென்ற ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு, குறைந்திருந்தால் ஏலத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்? எந்தத் தெருவிலே எத்தனை விளக்கு எரியவில்லை? கழிவு லாரி உரிமம் பெற்றதா, எந்த நிலையத்திலே இறக்குகிறது? படித்தவர் வாசிக்கட்டும், படிக்காதவர் தெருவைச் சொல்லட்டும். கல்லூரிப் படிப்பை நடுவிலே விட்ட எனக்கே வரவு செலவுப் பட்டியல் புரிகிறது. உனக்குப் புரியாது என்று எவனும் சொன்னால் நம்பாதே.

நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளிலே விடை. கிளைச் செயலாளர் பெயரில் வேண்டாம், உன் சொந்தப் பெயரிலேயே எழுது. குடிமகன் என்ற தகுதி போதும், கால் வேலி நிலம் தேவை இல்லை. எழுதும்போது, ஊர் ஏரி எந்தத் துறையின் ஏட்டிலே இருக்கிறது, கடைசியாகத் தூர் வாரியது எந்த ஆண்டு என்பதையும் அதே தாளிலே சேர்த்துக் கேட்டுவை.